இடைவேளைக்குத் திறக்கும் கதவு

அண்ணியின் அலுமினியத் தூக்குப்போசி மூடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். போசி கீழே விழுந்து உண்டான பள்ளமில்லை அது. எங்கள் ஊர் அணியின் கால்பந்து ஆட்டங்களுக்கு வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் கரண்டியால் தட்டித் தட்டி உண்டானது. பாத்திரக்கடைக்காரர் ஒருமுறை, நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டார். "வேண்டாமுங்க, அதைச் செய்யறதுக்குப் பல வருசம் ஆச்சு" என்று அண்ணி அதை அப்படியே வாங்கி வந்துவிட்டார்.

என் அண்ணனின் மனைவி அவர். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் நான்கு மணிக்கு முடியும். ஆட்டமும் நான்கு மணிக்கே தொடங்கிவிடும். நான் லேத் பட்டறைக்காரன், சனிக்கிழமை எனக்கு அரைநாள்தான் வேலை. ஆகவே டிக்கெட் வாங்கி முதலிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு. அந்த டிக்கெட்டும் ஒரு டீ, ரெண்டு வடை விலைதான். கிழக்குப் பக்கப் படிக்கட்டில், மேலே இருந்து மூன்றாவது வரிசையில் துண்டை விரித்து இடம் பிடித்து வைப்பேன்.

எங்கள் பழைய மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இடைவேளைக்கு நடுவர் விசில் ஊதியதும், கேட்டுக்காரர் கிழக்குப் பக்க இரும்புக் கதவை அகலத் திறந்து, அடியில் ஒரு செங்கல்லை வைத்து முட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு டிக்கெட் கேட்க மாட்டார். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. அவரிடமே ஒரு நாள் கேட்டேன். "எனக்கு முந்தி இருந்தவரு தெறந்தாரு, நானும் தெறக்கறேன்" என்றார். மில்லிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள் அப்போது உள்ளே நுழைவார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள், "வந்துட்டாங்கய்யா பஞ்சு மூட்டைக, இனி நம்ம காது போச்சு" என்பார்கள். அண்ணியும் சளைக்க மாட்டார். "முன்பாதி காசுக்காரனுக்கு, பின்பாதி கால்வலிக்காரனுக்கு. தள்ளி உக்காருங்க சாமி" என்பார். சிரித்துக்கொண்டே தள்ளி உட்காருவார்கள். போசி நிறைய இருக்கும் வேகவைத்த நிலக்கடலை வரிசை முழுக்கக் கை மாறிப் போகும். போசி காலியானால்தான் சத்தம் நன்றாக வரும் என்பது அண்ணியின் கணக்கு.

அந்த வழக்கத்துக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. டிக்கெட் வாங்கியவன், இடைவேளைக்கு வந்தவர்களுக்கு முன்பாதியைச் சொல்ல வேண்டும். ஸ்கோரைச் சொன்னால் போதாது. யார் கொடுத்த பந்து, யார் விட்ட கோல், எந்தப் பின்வரிசைக்காரன் தூங்கி வழிகிறான் என்று எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். அண்ணியும் அவருடைய மில் கூட்டாளிகள் மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "முன்பாதி என்னாச்சுங்க தம்பி?" என்று கேட்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்கு நாலு வார்த்தை கோவையாகப் பேச வருகிறதென்றால், அது அந்தப் படிக்கட்டில் வந்ததுதான்.

ஒரே ஒரு முறை பொய் சொல்லியிருக்கிறேன். டீ வாங்கப் போன நேரத்தில் எங்கள் அணி கோல் போட்டுவிட்டது. பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் தலையால் முட்டிப் போட்டதாக, எகிறிக் குதித்து நடித்தே காட்டினேன். பின்பாதி முழுக்க அண்ணி அந்தப் பத்தாம் நம்பரின் பெயரைச் சொல்லிப் போசியைத் தட்டினார். பக்கத்து வரிசைப் பெரியவர் கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏனுங்கம்மா, அந்தக் கோலு எதிராளி தானே அவன் வலைக்குள்ள போட்டுக்கிட்டது. இந்தப் பையன் பந்தைத் தொடவே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார். வரிசையே சிரித்தது. அண்ணி பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் சொன்னார்: "பாத்ததைச் சொல்லுங்க தம்பி. பாக்காததைப் பாக்கலைன்னு சொல்லுங்க. நாங்க உங்க கண்ணை நம்பித்தானுங்க பாதி ஆட்டம் பாக்கறோம்." அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு காலம் நினைவிருந்திருக்காது.

இப்போது எங்கள் அணிக்கு பைபாஸ் ஓரத்தில் புது ஸ்டேடியம் வந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்குக் கூரை, முதுகு சாய நாற்காலி, எங்கிருந்து பார்த்தாலும் பந்து தெரியும்படியான சரிவு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது. பழைய மைதானத்தில் அது இல்லாமல் அண்ணி எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. முதல் வருடம் டிக்கெட் விலை தாங்கும்படி இருந்தது; அண்ணிக்கு அப்போதும் சனிக்கிழமை ஷிப்ட் இருந்ததால் நான் மட்டும் போய்வந்தேன். இந்த வருடம் ஏற்றிவிட்டார்கள். இருந்ததிலேயே மலிவான பகுதியை எடுத்துவிட்டு, அங்கே குடும்பத்தோடு உட்காரும் சோபா போட்டிருக்கிறார்கள். மனைவி, ரெண்டு பிள்ளைகளோடு ஒருவர் ஆட்டம் பார்த்துத் திரும்பினால், அந்த வாரம் வீட்டுச் சமையலில் அது தெரியும். இடைவேளைக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அங்கே கதவுகள் அட்டையைக் காட்டினால்தான் சுழலும்.

ரசிகர் சங்கத்துப் பையன்கள் ஒரு மனு எழுதினார்கள். 'முப்பது ஆண்டுகளாக டிக்கெட் வாங்கி அணியைத் தாங்கிய எங்களை வெளியே தள்ளாதீர்கள்' என்பது அதன் முதல் வரி. கிளப் மேலாளர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எங்களைப் பேச அழைத்தார். மூத்த ரசிகை என்று அண்ணியை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பையன் மனுவை வாசித்ததும் அண்ணி எழுந்தார்.

"ஒரு வார்த்தைங்க சார். அந்த மொத வரி எனக்குப் பொருந்தாது. நான் பழைய மைதானத்துல ஒரு நாளும் டிக்கெட் வாங்குனதில்லீங்க. இடைவேளைக்குக் கதவு தெறப்பாங்க, உள்ள வருவேன்."

பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். என் பக்கத்திலிருந்தவன், "சித்தப்பா, அத்தனையும் கவுத்துப்போட்டாங்களே" என்று முனகினான். அவன் அண்ணியின் மகனேதான். மேலாளர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா விலை ஏறுனதுல உங்களுக்கு நட்டம் ஒண்ணுமில்லையேம்மா" என்றார்.

"எனக்கு நட்டமில்லீங்க, உங்களுக்குத்தான்" என்றார் அண்ணி. "முன்பாதியில உங்க பசங்க வெளையாடுனதையும், நாங்க வந்த பெறகு வெளையாடுனதையும் பாத்தவங்க இங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க. வெலையைக் கொறைக்க முடியலீன்னா போகட்டும். இடைவேளைக்கு ஒரே ஒரு கதவைத் தெறந்து வைங்க. ஆசாரி என்ன, சாத்தறதுக்கு மட்டுமா கதவு செய்யறான்?"

மண்டபம் கைதட்டியது. கூரைக்கும் விளக்குக்கும் ஆகிற செலவை மேலாளர் விளக்கினார், அதுவும் பொய்யில்லை. எண்ணிக்கை தெரியாமல் ஆட்களை உள்ளே விட்டால், நெரிசலில் ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். ஆனாலும் கதவு விஷயத்தைக் குறித்துக்கொள்கிறேன் என்றார், குறித்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை.

போன மாத ஆட்டத்துக்கு அண்ணியின் மகன் எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். மில் வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா இனி ஒரு முறையாவது முன்பாதி பார்க்கட்டும் என்று அவனுக்கு ஆசை. அண்ணி புதுச் சேலை கட்டி, போசியோடு கிளம்பினார். வாசலில் காவலுக்கு நின்ற பெண், "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்கம்மா. போசியை இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று பணிவாகத்தான் சொன்னார். அண்ணி போசியைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேக்கரியைப் பார்த்தார். அங்கே பெஞ்சில் அவருடைய பழைய மில் கூட்டாளிகள் மூன்று பேரும் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் வாங்க முடியாதவர்கள், சத்தத்தையாவது கேட்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"நீங்க போய் முன்பாதி பாத்துட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

நான் உள்ளே போனேன். பையன் காசு வீணாகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண் பாதி நேரம் அந்த நாற்காலிக்கே போனது. அப்படி ஒரு முறை திரும்பியிருந்தபோதுதான் கோல் விழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். என்ன நடந்ததென்று தெரியாமல் நானும் எழுந்து நின்றேன்.

இடைவேளைக்கு வாசலுக்கு வந்தேன். "வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதுங்கய்யா" என்றார் அந்தக் காவல் பெண். தெரியும் என்றேன். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது.

பேக்கரி பெஞ்சில் நால்வரும் நெருங்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். தலைகளில் இப்போது பஞ்சு இல்லை, நரைதான். "முன்பாதி என்னாச்சுங்க தம்பி?" என்றார் அண்ணி.

சொன்னேன். யார் கொடுத்த பந்து, யார் தூங்கி வழிந்தவன் என்று எதையும் விடவில்லை. கோல் வந்ததும் நிறுத்தினேன். "நம்ம அணிதான் போட்டுது. எப்படிப் போட்டாங்கன்னு நான் பாக்கலீங்க அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே கடலையை என் பக்கம் நகர்த்தினார். பின்பாதி தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரும் சத்தம் எழுந்தது. எதிரணிக்கும் ஒரு மூலையில் ஆட்கள் இருந்தார்கள்; யாருடைய சத்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நம்ம கோலு" என்றார்.

"பாக்காததைச் சொல்றீங்களே அண்ணி."

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?" என்றவர், மீதிக் கடலையை மேஜைமேல் கொட்டிவிட்டுப் போசியை மூடினார். மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியை அந்தப் பழைய பள்ளத்துக்கு நேரே ஓங்கினார்.