மாமன் முறைக்கு ஏது கையெழுத்து

எனக்குக் கூடப் பிறந்தவன் யாரும் இல்லை. மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று கோவில்பதாகையில் எங்கள் தெருவே கவலைப்பட்டது. எதிர் வீட்டுக்காரன் தானாக வந்து, "நான் இன்னாத்துக்குக் கீறேன்? நான் கொண்ணாறேன்க்கா" என்றான். மேளத்தோடு தட்டுகளைக் கொண்டுவந்தான், மகளுக்கு மாலை போட்டான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் மாமா, எனக்குத் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பேச்சில் தேன் ஒழுகும், பாவி.

வெள்ளானூரில் அப்பா எனக்கு எழுதிவைத்த மனையை மகளின் நர்சிங் படிப்புக்காக விற்றேன். பணம் வந்த வாரமே அவனும் வந்தான். ஐயப்பன்தாங்கலில் ஒரு கம்பெனியாம். மாதாமாதம் கொடுக்கிற வட்டிக்கு எந்த பேங்கும் பக்கத்தில் வர முடியாதாம். "துட்டு பத்திரமா இருக்கும்க்கா, நான் கேரண்டி. ஒடம்பொறந்தவளா நெனச்சு சொல்றேன்" என்றான். நான் தையல் மெஷின் மிதித்தே காலத்தை ஓட்டுகிறவள். வட்டிக் கணக்கெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அவனுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆபீஸ் ஏசியில் எனக்குப் பல் கிட்டியது. பணம் கட்டும் படிவத்தில் 'அறிமுகம் செய்த ஆலோசகர்' என்று கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அவன் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினான். நான் பார்த்தேன். பார்த்தும் எப்படிக் கேட்பது? மகளுக்கு மாலை போட்டவனிடம் போய் கையெழுத்துப் போடுடா என்றால், உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரிதான். எங்கள் பக்கம் முறை செய்தவனிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

சில மாதம் வட்டி வந்தது. பிறகு நின்றது. பிறகு கம்பெனியையே பூட்டிவிட்டு முதலாளி ஓடிப்போனான். காலேஜில் அடுத்த வருஷக் கட்டணத்தைக் கேட்டு மகளை நெருக்கத் தொடங்கினார்கள்.

பூந்தமல்லியில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "முதலாளி எப்ப கிடைப்பார்னு சொல்ல முடியாதும்மா. பொய் சொல்லி உங்களைப் பணம் போட வெச்ச ஆள் மேலயும் புகார் கொடுக்கலாம். ஆனா அவர் ஏஜென்டா சொன்னாரா, சொந்தக்காரரா சொன்னாரா?"

"தம்பியாத்தான் சொன்னான்மா."

"அப்போ கஷ்டம். தம்பி ஏதோ தெரியாம யோசனை சொன்னார்னு போயிடும். கமிஷன் வாங்கியிருந்து, அதை உங்ககிட்ட மறைச்சிருந்தா அது வேற. எங்க கேட்டாலும் ஏஜென்ட்னே சொல்லுங்க."

எனக்குத் தலை சுற்றியது. அதே வாய், அதே வார்த்தை, போனதும் அதே பணம். அவன் நல்லவன் என்றால் எனக்கு ஒன்றும் கிடைக்காது, அயோக்கியன் என்றால் கிடைத்தாலும் கிடைக்கும். நான் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது? என்ன சட்டமோ, என்ன இழவோ என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கமிஷன் வாங்கினியா, இல்லையா?"

தட்டில் கையை உதறினான். பிறகு, "வாங்கினேன்க்கா. ஆள் இட்டாந்தா மொதலாளி எல்லாருக்கும் கையிலயே குடுப்பான். அந்தத் துட்டையும் அதுலயேதான் போட்டேன். இவ நகைகூட அங்கதான் போச்சு" என்றான்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ போட்ருக்க மாட்டியேக்கா."

பக்கத்தில் நின்ற அவன் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கோபமும் பாவமும் ஒன்றாக வர, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டில் மகளிடம் புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அவள், "மாமா மேலயா?" என்றாள். பிறகு, "அப்போ ஃபீஸுக்கு என்னம்மா பண்றது?" என்றாள்.

கடைசியில் ஆவடி போலீசுக்குப் போனேன். புகார் எழுதி வாங்கும் இடத்தில் ஏகப்பட்ட கூட்டம். அவனும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பணம் போட்டு ஏமாந்தவனாக, தன் புகாரோடு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்ததும் எழுதுகிற போலீஸ்காரர், "உங்களைச் சேத்துவிட்டது யாரு?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன்.

"அவர் உங்களுக்கு ஏஜென்டா, சொந்தமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

ஏஜென்ட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை.

"சொந்தமா வந்தான் சார். ஏஜென்டா சம்பாதிச்சான். அப்படியே எழுதுங்க."

அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். உண்மையைச் சொன்னேனா, கேஸைக் கெடுத்துக்கொண்டேனா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

ரசீது வரும்வரை இருக்கச் சொன்னார். பெஞ்சில் இடம் இல்லை. நான் சொன்னதை எல்லாம் அவன் கேட்டிருந்தான். எழுந்து நின்று, "ஒக்காருக்கா" என்றான்.

உட்கார்ந்தேன்.