துக்கம் கேட்கப் போகாத வீடு

மரக்காணம் உப்பளத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கிற மோட்டார் ஷெட் நான் கட்டியது. ரோட்டோரத்துக் குடோன் நான் கட்டியது. ஒரு புயலில் கரை உடைந்து எல்லோரும் கைவிட்ட பாத்திகளை, மறுபடி மண் மிதித்து எழுப்பியவன் நான். கூலிக்கு உப்பு வாரிய கை இது. படிப்பு மூன்றாம் வகுப்பு. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி காலையில், அந்தக் குடோன் வாசலிலேயே என்னை ஒருவன் ஒரே பேச்சில் உட்கார வைத்துவிட்டான்.

வெயில் காயக் காய உப்பு விளைகிற நேரம். என்னிடம் பதினைந்து வருஷமாக உப்பு வாருகிற பெண் ஒன்றரை மாதமாக வேலைக்கு வரவில்லை. அவளுக்கு ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை தவறிப்போன விஷயம் எனக்குத் தெரியும். அவள் புருஷன் என் குடோனில்தான் மூட்டை தூக்குகிறான். லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனை நிறுத்தினேன்.

“ஏம்பா, இன்னும் எத்தினி நாளுக்குப் படுத்துனு இருப்பா உன் பொண்டாட்டி?”

“சோறு எறங்கல மொதலாளி. பேச்சும் இல்ல. தனியா வுட்டுட்டு வரவே பயமா இருக்குது. ஆஸ்பத்திரியில டிப்ரஷன்னு சொல்றாங்க.”

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய ஆபீசர் வீட்டுப் பேச்சு பேசுகிறானே என்று. “துக்கம்னு சொல்லு, எனக்குப் புரியும். துக்கம்னா சாவு உழுந்திருக்கணும். உங்க வூட்ல யாரு செத்தா?” என்று கேட்டேன். கூட லோடு ஏற்றிய இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

அவன் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான். “செத்தது எம் பொண்ணு மொதலாளி. நீங்க யாரும்தான் கேக்க வர்ல.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு? கூனிமேடு வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாலையோடு முதலில் போய் நிற்கிறவன் நான். வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“அவன் சொன்னதுல இன்னா தப்பு? மால போட்ட பொணத்துக்குத்தான் போவியா நீ?”

“நீ மட்டும் போனியா?”

“நானும்தான் போவல. அதான் உறுத்துது.”

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வயிற்றில் தவறிய குழந்தைக்குப் பந்தல் இல்லை, காரியம் இல்லை. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுவார்கள். துக்கம் கேட்க யாரும் போவதில்லை. போனால் அந்தத் தாய்க்கு ஆகாது என்பார்கள். யார் வைத்த சட்டமோ.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் போனோம். சாவு வீட்டில் செய்கிற மாதிரியே, நான் அவன் கையைப் பிடித்துவிட்டு வாசலில் பேசாமல் உட்கார்ந்தேன். என் மனைவி உள்ளே போய் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்து அழுதாள். கொஞ்ச நேரம் ஒற்றைக் குரல்தான் கேட்டது. பிறகு இரண்டாவது குரலும் சேர்ந்தது. ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் சத்தம் போட்டு அழுகிறாள் என்று அவன் என் காதில் சொன்னான்.

“பால் கட்டி மார் வலிச்சப்பகூட ஏன்னு ஒருத்தர் கேக்கலம்மா,” என்று அந்தப் பெண் உள்ளே சொல்வது கேட்டது. பிறகு நிலைப்படிக்கு வந்தாள். “அந்த இங்கிலீஷ் வார்த்த எனக்குத் தெரியாது மொதலாளி. நர்ஸம்மா சொன்னாங்க. எனக்குத் துக்கம்னு சொல்லத்தான் ஆச. சொன்னா, எந்தச் சாவுக்குன்னு கேக்குறீங்களே.”



டீச்சராக இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, “துக்கமும் சமஸ்கிருதத்துலேருந்து வந்த வார்த்ததாம்பா,” என்றாள். எனக்கு என் மேலேயே இன்னும் ஆத்திரம்தான் வந்தது. வெளியிலிருந்து வந்த வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்ன சாவுக்குத்தான் தருவேன் என்று சொல்ல நான் யார்?

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ வைத்தேன். மாத்திரையும் சாப்பிட்டாள், எங்கள் வீட்டிலும் வந்து உட்கார்ந்து பேசினாள். ஐப்பசி மழைக்கு முன்னால் தானாகவே வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் உப்பளத்தில் எந்தப் பெண்ணுக்கு அப்படி நடந்தாலும் நாங்கள் போய்க் கேட்கிறோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் போகிறார்கள்.

போன மாதம் ஊரில் ஒரு மருத்துவக் கூட்டம். இந்த மாற்றம் தங்கள் விழிப்புணர்வு முகாமால் வந்தது என்று மேடையில் ஒருவர் பேசினார், அவருக்குச் சால்வையும் போட்டார்கள். வயிறு எரிந்தது. அந்த வாசலில் முதலில் போய் உட்கார்ந்தது நான்; இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதை என் பெயரில் சொல்லுங்கள். ஒன்றரை மாதம் அவளை ஊமையாகக் கிடக்க விட்டதிலும் எனக்குப் பங்கு இருக்கிறது. சால்வை போட்டாலும் போடாவிட்டாலும் அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள், ஏனென்றால் நான் கட்டியதிலேயே இந்தப் பழக்கம் ஒன்றைத்தான் என் தப்பின் மேல் நின்று கட்டினேன்.