மணற்குவியலில் வீடு கட்டியவர்கள்

காதை மணலோடு ஒட்டிவைத்துப் படுத்தால், அடுத்த வீட்டு வளவில் யாரோ தையல் மெசின் ஓட்டுவதுபோல ஒரு இரைச்சல் கேட்கும். அது குளவி மண் தோண்டும் சத்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு அரைக் கோடை பிடித்தது. அந்த மணல், ராத்தாவுக்கு வீடு கட்டவென்று வாப்பா வண்டியில் ஏற்றிவந்து வளவில் கொட்டியது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் மண்டைக்குள் ஒரு வீடும் பிறந்துவிடும். வீடு இல்லாமல் மாப்பிள்ளை வரமாட்டார், வந்தாலும் அந்த வீட்டுக்குத்தான் வருவார். எங்கள் வாப்பாவுக்கு மூத்தவள் ராத்தாவும் இளையவள் நானுமாக இரண்டு பெண்பிள்ளைகள், ஆகவே இரண்டு வீடு. முதல் வீட்டுக்கு மணலும் வந்து, அத்திவாரமும் பாதி வெட்டி, சீமெந்துக்காகக் காத்துக்கிடந்த அந்த இடைவெளியில் குளவிகள் முந்திக்கொண்டன.

கூட்டமாக வந்து கூடு கட்டும் சாதியல்ல அவை. ஒவ்வொருத்தியும் தனியாள், ராணியும் கிடையாது, வேலைக்காரியும் கிடையாது. அவற்றுக்கு நான் இரையை வைத்தே பெயர் வைத்தேன். இடுப்பு நூலாக மெலிந்து வயிற்றில் செம்மஞ்சள் பட்டி போட்டவள் "புழுக்காரி": குழி தோண்டி, வாசலை ஒரு சின்னக் கல்லால் அடைத்துவிட்டுப் போய், தன்னைவிட நீளமான பச்சைப் புழுவைக் கால்களுக்கிடையில் இடுக்கி இழுத்துக்கொண்டு வருவாள். உடம்பெல்லாம் கறுத்த பெரியவள் "தத்துவெட்டிக்காரி". அவள் வெட்டுக்கிளியின் மீசையைக் கடித்துப் பிடித்து, மாட்டை இழுப்பதுபோல் இழுத்து வருவாள். நாய் கிளறுவதுபோல மணலை வயிற்றுக்கடியால் வீசுகிற கட்டைக்காரி "ஈக்காரி". மற்ற இருவரும் சாப்பாட்டை வைத்து, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போக, இவள் மட்டும் குஞ்சு வளர வளர ஈ பிடித்துவந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். இப்போது நான் விலங்கியல் படிப்பிக்கிறவள். புத்தகக்காரர்கள் இடுப்பையும் சிறகு நரம்பையும் பார்த்து வகைப்படுத்துகிறார்கள், ஈக்காரியை மற்றவர்களிடமிருந்து பிரித்து வேறு குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் பத்து வயதிலேயே பிரித்துக் கொடுத்திருப்பேன்.

உம்மாவிடம் இதற்கெல்லாம் வேறு கதை இருந்தது. "அது புழுவத் தூக்கிட்டுப் போய்ப் புள்ளயா வளர்க்குது. கொஞ்ச நாளைக்குப் பொறகு புழுவே குளவியா வெளிய வரும்" என்பார். நான் நம்பாமல், புழுக்காரி மூடிவிட்டுப் போன குழி ஒன்றைச் சில நாள் கழித்துச் சிரட்டையால் கிண்டினேன். உள்ளே பச்சைப் புழு மல்லாந்து கிடந்தது. அதன் விலாவில் வெள்ளையாக ஒன்று வாயைப் புதைத்து ஒட்டிக்கிடந்தது. ஈர்க்கில் முனையால் தொட்டபோது புழுவின் தாடை அசைந்தது, உடம்பு அசையவில்லை. உயிரோடுதான் தின்னப்பட்டுக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் வாப்பாவிடம் சொன்னேன். அத்திவாரக் குழிக்குள் மண்வெட்டியோடு நின்றவர் நிமிர்ந்து சிரித்தார். "கொன்னா அழுகிப் போயிரும் மகள். அதான் உசிரோட வெச்சிரிக்கி. எல்லாம் புள்ளைக்கித்தானே" என்றார்.

சில நாள் கழித்து, அதே குழிக்குள், அதே மண்வெட்டியோடு சரிந்தார். பாரிசவாதம் என்றார்கள். ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. அது "ஓம்", ஆமென்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். சோறு வேணுமா என்றாலும் ஓம், போதுமா என்றாலும் ஓம், வலிக்கிறதா என்றாலும் ஓம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "காக்கா, நீங்க கழுதையா?" என்று, அண்ணன்மாரை அழைக்கும் அதே மரியாதைச் சொல்லோடு கேட்பார்கள். வாப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டே "ஓம்" என்பார். கண் மட்டும் வேறென்னவோ சொல்லும், அதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ராத்தாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் உம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நோய் பார்க்க வந்தார். வாப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, அவர் அங்கே இல்லாததுபோல உம்மாவிடம் கதைத்தார். "மனிசன் படுத்திட்டாரு, அல்லாஹ்ட நாட்டம். இனி அந்த ஊடு எப்ப எழும்புற? இரிக்கிற ஊட்ட எழுதித் தந்தா கலியாணத்த நடத்துவம். இல்லாட்டி எங்களுக்கும் வேற எடம் இரிக்கி" என்றார்.

ராத்தா குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள். வாப்பாவுக்காக அழுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒதுங்குவது எங்கள் ஊரில் புதினமல்ல. ஆனால் அவர்கள் தங்கள் காலால் நடந்து போவார்கள். பத்திரம் எழுதும் நொத்தாரிசு வந்து, உறுதியை வாசித்து, குனிந்து கேட்டார். "காக்கா, ஊட்ட மகளுக்குக் குடுக்க மனச்சம்மதம்தானே?"

"ஓம்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. வாப்பாவின் கைப்பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தப் போனார்கள். கட்டில் காலடியில் நின்ற நான் கேட்டேன். "வாப்பா, ஊட்டக் குடுக்க ஒங்களுக்கு விருப்பமில்லையா?"

"ஓம்."

முதல் ஓமைவிடச் சத்தமாகத்தான் சொன்னார். நொத்தாரிசு தாளைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். உம்மா என் தோளைக் கிள்ளிப் பிடித்து, காதோடு சொன்னார்: "வாய மூடு. நாளைக்கி ஒனக்கும் ஒரு ஊடு வேணும்."

நான் மூடிக்கொண்டேன். விரல் பதிந்தது.

குசினியை ஒட்டித் தென்னங்கிடுகால் ஒரு சாய்ப்பு இறக்கி, வாப்பாவைக் கட்டிலோடு தூக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். கலியாணத்தன்று பிரியாணிப் புகை முழுவதும் அந்தச் சாய்ப்புக்குள்தான் போனது. அங்கே வருசக்கணக்காக உயிரோடு இருந்தார், என் வாப்பா. நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த வயல்தான் மிச்சம். என் முறை வந்தபோது அதை விற்று எனக்கு வீடு கட்டினார்கள். அதற்கும் அவரிடம் கேட்டார்கள், அவரும் ஓம் என்றார். குளவிக் குஞ்சு எடுத்த எடுப்பில் உயிர்நிலையில் வாய் வைக்காது, இரை கடைசிவரை கெடாமல் இருக்க வேண்டுமே என்று நான் வகுப்பில் படிப்பிக்கிற ஒவ்வொரு முறையும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். படம் வரையப்போகிறேன் என்று பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்குக் கதவு போட்ட கிழமையில் வாப்பா மௌத்தானார். இதைவிடக் கச்சிதமாக எந்தப் புழுவும் செத்திருக்காது.

இப்போது எங்கள் தெருவில் மணல் வளவு ஒன்றுகூட இல்லை. எல்லோரும் இன்டர்லொக் கல் பதித்துவிட்டார்கள். டிப்பரில் வருகிற மணல் வந்த கையோடு கலவையாகிவிடுகிறது, குளவிக்கு அதில் வீடு கட்ட அவகாசமில்லை. என் மாணவர்களுக்குப் புழுக்காரி ஒரு பரீட்சைக் கேள்வி மட்டும்தான்.

போன மாதம் மகளுக்குப் பேசி முடித்தோம். மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான், குறை சொல்வதற்கில்லை. மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு என் கணவர் பின்வாசலில் நின்று, குசினிச் சுவரைக் கையால் அளந்து பார்த்தார்.

"ஊட்ட அவளுக்கு எழுதிட்டு, இதோட ஒட்டினாப்போல நமக்கு ஒரு அறை போட்டுக்குவம். நம்ம ரெண்டு பேருக்கும் அது காணுந்தானே?" என்றார்.

மகள் உள்ளே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையும் காலும் எனக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, வாயில் வேண்டிய அளவு சொற்களும் இருக்கின்றன.

"ஓம்" என்றேன்.