மகனின் கண்ணும் எங்கள் வீட்டு அடுப்பும்

என் மகனுக்குக் கற்பூரச் சுடர் தெரியவில்லை. எங்கள் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு ஏழெட்டு வாரங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய முருகன் கோயிலில் வரிசையில் நின்றிருந்தோம். நான், என் மனைவி சாந்தி, எங்கள் ஒரே மகன் லோகன். குருக்கள் தீபம் காட்டினார். மணி அடித்தது. எல்லார் கைகளும் தலைக்கு மேல் போயின. லோகன் மட்டும் கைகளை நெஞ்சருகே வைத்தபடி நின்றான். பிறகு என் காதருகே குனிந்து கேட்டான்.

"பா, தீபம் காட்டியாச்சா?"

சுடர் எங்களுக்கு நேர் எதிரே எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து உட்காரவைத்து விசாரித்த பிறகுதான் சொன்னான். சில வாரங்களாகவே எல்லாம் மங்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வரும்போது முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரியுமாம். ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன். இருபத்தாறு வயது. "தூக்கம் பத்தலன்னு நெனச்சேன் பா," என்றான். சாந்தி அவன் மோட்டார் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. அதுவும் நெடுநாளாக யாரும் கவனிக்காமல் முற்றியது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கிவிட்டன என்றார் மருத்துவர். மாத்திரையும் இன்சுலினும் எழுதிக் கொடுத்தார். சீனி இறங்கினால் இந்த மங்கல் விலகலாம், இறங்காவிட்டால் பார்வைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

என் அப்பாவுக்கும் இதே நோய். லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில், கடைசிக் காலத்தில் அவரைக் குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனது நான்தான். என் முகத்தை விரலால் தடவித்தான் நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வார். அதனால் மருத்துவர் சொன்னது எனக்கு வெறும் வார்த்தையாக இல்லை. என் மகனின் விரல் என் முகத்தைத் தடவுவதுபோல் இருந்தது.

அன்றைக்கே சாந்தி சொன்னாள். "தைப்பூசம் வருது. மூணு பேரும் விரதம் இருப்போம். அவன் பால்குடம் எடுக்கட்டும். முருகன் பாத்துக்குவாரு."

ஒரு மண்டலம். மீன் சட்டி, கோழிக்கறி சட்டியெல்லாம் கழுவிப் பரணுக்குப் போயின. ஈர வேட்டியோடு பூஜை. நண்பகல் வரை பட்டினி. சுத்தத்தில் சாந்தி ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் அலுவலகத்தில் யாராவது தேநீர் நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். அவ்வளவு பக்தியோடு இருந்தோம். அதை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பட்டினிக்குப் பிறகு சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சோறு மலைபோல். அதற்குச் சைவ ஆட்டுக்கறிப் பிரட்டல். பேரங்காடியின் உறைபெட்டியில் வாங்குவோமே, மாவிலும் சோயாவிலும் செய்தது, அதுதான். அப்பளம், வடை. சாயந்தரம் நெய்யில் மிதக்கும் கேசரி. இனிப்பு டின்பால் ஊற்றிய மைலோ பானம். கோயில் அன்னதானத்தில் லோகனுக்கென்று தனியாக ஒரு வாளிப் பாயசம் தாப்பாவ் என்று வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். "புள்ள எளச்சிப் போயிட்டான், குடிக்கட்டும்," என்பார்கள். இனிப்புநீர்க்காரன் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் அது பிரசாதம். பிரசாதம் என்ன செய்துவிடும்?

தைப்பூசத்தன்று அவன் பால்குடம் எடுத்தான். நான் முன்னால் நடந்து வழி சொல்லிக்கொண்டே போனேன். "படி வருது. இன்னொரு படி." கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போவார்கள்.

அடுத்த வாரம் ரத்தம் எடுத்தார்கள். சீனி இறங்கவில்லை, முன்பைவிட ஏறியிருந்தது. மருத்துவர் லோகனிடம், "மருந்து ஒழுங்காகப் போட்டாயா?" என்று இரண்டு முறை கேட்டார். போட்டான். எங்கள் கண்முன்னே போட்டான். இன்சுலின் அளவைக் கூட்டினார்கள்.

அன்பர்களே, அந்த வாரம் என்னால் கும்பிட முடியவில்லை. கோயிலுக்குப் போனேன், உள்ளே போகவில்லை. செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன். உனக்காகத்தானே இருந்தோம்? உன் பெயரைச் சொல்லித்தானே பட்டினி கிடந்தோம்? என் அப்பாவை எடுத்தாய், சரி. இவன் இன்னும் வாழவே தொடங்கவில்லையே. இப்படியெல்லாம் கேட்டேன். அழுகைகூட வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. குணப்படுத்து என்று கேட்கவில்லை. "முருகா, எங்கே தப்பு நடக்கிறது என்று மட்டும் காட்டு," என்றேன். திரும்பி நடந்தேன்.

பதில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு சிறிய அறைக்குள் இருந்தது. மருத்துவர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார். பௌசியா என்று ஒரு மலாய்ப் பெண்மணி. சாந்தியின் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். சாந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் விரதத்தைப் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டினியில் தொடங்கிப் பாயசம் வரைக்கும்.

பௌசியா கேட்டுக்கொண்டே வந்தவர், மைலோ என்றதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. உங்கள பாத்து சிரிக்கல. எங்க நோன்பு மாசத்துலயும் இதே கததான். பகல் முழுக்கப் பட்டினி. சாயந்தரம் ரமலான் பசார்ல பலகாரம் வாங்கித் தின்ன ஒரு சுத்து. பெருநாள் முடிஞ்சதும் இந்த கிளினிக்ல உக்கார எடம் இருக்காது. எங்க வீட்டுக்காரரே இங்கதான் நிப்பாரு."

சாந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு பௌசியா மெதுவாகக் கேட்டார்.

"எறச்சிய விட்டீங்க, நல்லது. தட்டுல அந்த எடத்துக்கு என்ன வந்துச்சு?"

நான் கோயில் வாசலில் கேட்ட கேள்விக்கு யாரோ எதிர்க்கேள்வி போட்டதுபோல் இருந்தது. விரதத்தில் குறை இல்லை, விரதத்துக்கு உரியவன் மீதும் குறை இல்லை. சைவம் என்ற பெயர் இருந்தால் போதும் என்று வெள்ளை மாவையும் எண்ணெயையும் டின்பாலையும் முருகன் பெயரில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம்.

அவர் எதையும் மாயமாகச் சொல்லவில்லை. மண்ணிலிருந்து வந்ததை முடிந்தவரை வந்தபடியே சாப்பிடுங்கள் என்றார். தீட்டாத அரிசி, தானியம், பயறு, கீரை, காய், பழம். இறைச்சியோடு நெய், பால், டின்பால், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள் என்றார். இன்சுலினை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், சாப்பாடு மாறும்போது மருத்துவரிடம் அடிக்கடி வாருங்கள் என்று எச்சரித்தார்.

முதல் மாதம் வீட்டில் சண்டைதான். தேங்காய்ப்பால் இல்லாத குழம்பை வைத்துவிட்டுச் சாந்தியே முகம் சுளித்தாள். "இத போயி எப்படிங்க மனுசன் திம்பான்?" லோகன் கேழ்வரகுக் களியைக் கரண்டியால் குத்திப் பார்த்தான். "மா, இது சாப்பாடா, சிமெண்டா?" வேலையிடத்தில் அவன் நண்பர்கள் அவனைக் 'கம்பிங்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மலாயில் ஆடு. பெகாகா இலையும் வெள்ளரியும் டப்பாவில் கொண்டுபோனால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெகாகா என்பது நம் வல்லாரைதான்.

எங்களைக் காப்பாற்றியது தெம்பே. பசார் சந்தையில் வாழையிலையில் சுற்றி விற்பார்களே, முழுச் சோயா அவரையைப் புளிக்கவைத்தது. சாந்தி அதை வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டு எண்ணெய் இல்லாமல் பிரட்டினாள். லோகன் முதல் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "அலமாக்! மா, இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா." அன்றைக்கு அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாந்தி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கதிகலங்க வைத்தது. மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கை நடுக்கம், சட்டை முழுக்க வியர்வை. முடிந்தது என்றே நினைத்தேன். சாந்திதான் மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி சீனித் தண்ணீரைப் புகட்டினாள். சீனி மிகவும் இறங்கியிருந்தது. உடனே கொண்டுபோனோம். உடம்பு மாறிவிட்டது, பழைய அளவு இன்சுலின் இப்போது அதிகம் என்று மருத்துவரே குறைத்தார். நல்ல செய்திதான். ஆனால் அந்த நடுக்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. இன்றைக்கும் அவன் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "டேய், என்னடா?" என்று கேட்டுவிடுகிறேன்.

கந்த சஷ்டியில் ஒரு நாள் அன்னதானம் எங்கள் குடும்பத்து உபயம். அதே வெள்ளைச் சோறும் வடையும் போடுவதா என்று எனக்குத் தயக்கம். கோயில் சமையலைக் கவனிக்கும் மணியம் பதறிவிட்டார்.

"ராஜன் அண்ணே, பாயசம் இல்லாம உபயமா? சனங்க ஆஸ்பத்திரி சாப்பாடுன்னு சொல்லுவாங்கண்ணே."

"சொல்லட்டும் மணியம். முருகனுக்கு வள்ளி என்ன குடுத்தா? தினைதானே?"

"வள்ளி தேனும் சேத்துல்ல குடுத்தா!"

தேனுக்குப் பதில் பேரீச்சம்பழம் போட்டுத் தினையை வேகவைத்தோம். சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பருப்பு, கடலைச் சுண்டல், வாழைப்பூப் பொரியல். சிலர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு நழுவினார்கள். ஆனால் இனிப்புநீர் உள்ள பலர் இலையை மூடாமல் உட்கார்ந்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று சாந்தியைக் கேட்டார்கள். மணியமும் ஓரமாக நின்று சுண்டலை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அவருக்கும் இனிப்புநீர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

நோய் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். லோகன் இன்னும் மாத்திரை போடுகிறான். கண் மருத்துவரிடமும் தவறாமல் போகிறோம். இன்சுலினை மருத்துவர் நிறுத்திவிட்டார். கசிவு மேலே பரவவில்லை. மங்கல் விலகிவிட்டது. மோட்டார் சாவியைச் சாந்தி முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். பால் அபிஷேகத்தைக் கண்குளிரப் பார்க்கிறோம். பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றி, விரல்நுனி அளவு மட்டும் நாவில் வைக்கிறோம். முருகன் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு தைப்பூசம். அதே கோயில், அதே வரிசை. குருக்கள் தீபத்தை எடுத்தார். மணி அடித்தது. நான் சாமியைப் பார்க்கவில்லை, என் மகன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபம் முதல் வட்டம் சுற்றுவதற்குள் அவை தலைக்கு மேல் போய்விட்டன.

"பா," என்றான், திரும்பாமலே. "சாமி மாலையில வலது பக்கம் ஒரு பூ கழண்டு தொங்குது. அய்யருகிட்ட சொல்லணும்."

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான்.

"என்ன ஏன்பா பாக்குறீங்க? சாமிய பாருங்க."

பார்த்தேன். பூ தொங்கிக்கொண்டிருந்தது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த நோய் இருக்கலாம். நீங்களும் ஏதோ ஒரு வாசலில் மனம் வெறுத்து நின்றுகொண்டிருக்கலாம். அங்கிருந்து போய்விடாதீர்கள், கேளுங்கள். எங்கே தப்பு நடக்கிறது என்று கேளுங்கள். மருத்துவரை விடாதீர்கள். வேண்டுதலையும் விடாதீர்கள். எனக்கு முருகனின் பதில் ஒரு கிளினிக் அறையில், சிரிப்பை அடக்க முடியாத ஒரு பெண்மணியின் வாய் வழியாக வந்தது. உங்களுக்கு எந்த வழியில் வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்று மட்டும் தெரியும்.