கவிலா என்ற பெயரில் கப்பல் இல்லை

1. காளவாசலுக்கு வந்த கப்பல்

மதுரை சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது முத்துராமன் போன் செய்தான். காளவாசலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் நடக்கும் எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸின் முதலாளி அவன். வயதில் என்னைவிடச் சின்னவன் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. கப்பலுக்குப் பேரு பாக்கணுமாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கள் தொழிலில் 'நேம் செக்' என்று ஒரு வேலை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு பொருளுக்குப் பேர் வைப்பதற்கு முன்னால், அது தமிழில் எப்படிக் காதில் விழுகிறது, வசவு, சாதி, சாமி என்று எதிலாவது போய் இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்ததெல்லாம் சோப்பு, மிக்ஸி, இருமல் மருந்து. இந்த முறை வந்தது ஒரு சொகுசுக் கப்பல். ஐரோப்பாவில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓடப் போகிறது என்றார்கள்.

வேலையை அனுப்பியவர் லண்டனில் இருக்கும் ஹெலன். பேர் தேடிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் இருப்பவர். போனில் அவர் விவரிக்க விவரிக்க எனக்கு மலைப்பாக இருந்தது. கப்பலை ஓட்டப்போகும் கம்பெனியின் கப்பல் பேர்கள் எல்லாமே 'லா' என்று முடியும். கேட்டதும் இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டுமாம். வேறு கப்பலின் பேரோடு குழம்பக் கூடாது. எப்போதோ முழுகிப்போன கப்பலின் பேராக இருக்கக் கூடாது. தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். ஜப்பானியர் வாயிலும் பிரேசில்காரர் வாயிலும் ஒரே மாதிரி வர வேண்டும். வக்கீல்கள் பார்ப்பார்கள், ஓவியர்கள் பார்ப்பார்கள், பல நாட்டில் என்னைப் போன்றவர்கள் பார்ப்பார்கள். அதுவரை கப்பல் கட்டும் இடத்தில் அதற்கு வெறும் ஒரு நம்பர்தான். ஒரே ஒரு சொல்லுக்கு அம்புட்டுப் பேர் உழைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வந்த பேர்களில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கப்பல் கம்பெனி முதலாளியம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது என்று குறிப்போடு வந்த பேர் 'கவிலா'. கண்ணால் படித்தபோது அழகாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதும் நிறுத்திவிட்டேன். வேகமாகச் சொன்னால் கடைசி நெடில் தேய்ந்து 'கவில' ஆகிறது. 'ழ'வை 'ல' ஆக்குகிற வாயில் அது 'கவிழ'.

முத்துராமன் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல எவன்க்கா கவிழன்னு சொல்றான்? வண்டி கவுந்துருச்சுன்னுதான சொல்றோம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழே மருந்துக்கடையில் கேட்டேன், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். பொம்பளைப் பிள்ளை பேர் மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர். ஒருவர் மட்டும், கப்பலுக்கா என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டையும் அப்படியே எழுதி, 'இந்தப் பேர் வேண்டாம் என்பது என் கருத்து' என்று அனுப்பிவிட்டேன்.

2. மீட்டிங்

ஹெலனின் பதில் மறுநாளே வந்தது. விளம்பரப் படங்கள் தயாராகிவிட்டன, கப்பலில் பதிக்கிற இரும்பு எழுத்துகளை வெட்டப் போகிறார்கள், இந்த நேரத்தில் வேண்டாம் என்றால் காரணத்தை நீங்களே வீடியோ மீட்டிங்கில் வந்து சொல்லுங்கள் என்று.

"பாத்துப் பேசுங்கக்கா," என்றான் முத்துராமன். "இந்த லண்டன் வேலைய நம்பித்தான் புதுசா ரெண்டு பிள்ளைகள வேலைக்கு எடுத்திருக்கேன்." அந்தப் பெண்கள் இருவரும் அடுத்த அறையில்தான் டைப் செய்துகொண்டிருந்தார்கள்.

காளவாசல் சிக்னலின் ஹாரன் சத்தத்துக்கு ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். தமிழிலேயே சொல்கிறேன். விளம்பரப் பிரிவின் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். டிக்கெட் வாங்குகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது உறைக்கும் என்று கேட்டார். பெரும்பாலானவர்களுக்கு உறைக்காது என்றேன். அதுதான் உண்மை. அவர் கைகளை விரித்து, பிறகென்ன என்பது போலப் பார்த்தார். முத்துராமன் மேஜைக்குக் கீழே என் புடவை நுனியைப் பிடித்து இழுத்தான்.

அப்போது, அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் மைக்கைத் திறந்தார். நரைத்த தாடி. அந்தக் கப்பலுக்குக் கேப்டனாகப் போகிறவர் என்று ஹெலன் சொன்னார். தன் கப்பலில் வேலை செய்யப்போகும் தமிழர்கள் எத்தனை பேர் என்று அவர் விசாரித்தார். சமையல், லாண்டரி, இன்ஜின், டெக் எல்லாவற்றிலும் நிறையப் பேர் என்று யாரோ பதில் சொன்னார்கள். பிறகு என்னிடம் கேட்டார்.

"அவர்கள் சொல்வது போலச் சொல்லுங்கள். அவசரமாக, மூன்று தடவை."

"கவில, கவில, கவில."

முத்துராமன் புடவையை விட்டுவிட்டான்.

கேப்டன் நிதானமாக விளக்கினார். கப்பலுக்கு ஆபத்து என்றால் ரேடியோவில் உதவி கேட்கும்போது கப்பலின் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டும். கடலில் அதுதான் முறை. "சந்தோஷமான நாளில் எந்தப் பேரும் நன்றாகத்தான் இருக்கும். கெட்ட நாளில் என் ஆட்கள் அதைக் கேட்டு ஒரு நொடிகூடத் திகைத்து நிற்கக் கூடாது."

படம் தெரியாமல் வெறும் கறுப்புக் கட்டமாக இருந்த ஓர் இடத்திலிருந்து ஒரு வயதான பெண் குரல் வந்தது. அது முதலாளியம்மா. அவர் கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியாது.

"அந்தப் பேரை எடுத்துவிடுங்கள்," என்றார். பிறகு, "இதே ஓசையில், உங்கள் மொழியில் நல்லதாக ஏதாவது உண்டா?" என்றார்.

அப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு போகவில்லை நான். ஆனால் வாயில் வந்துவிட்டது. "நவிலா." நவில என்றால் சொல்ல, பேச என்று பொருள் என்றேன். எங்கள் பக்கத்து விழா அழைப்பிதழ்களில் கடைசியாக 'நன்றி நவிலல்' என்று போடுவோம், எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிக்கிற இடம் அது என்றேன். அந்தக் கறுப்புக் கட்டத்திலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

3. துறைமுகத்தில்

அதற்குப் பிறகு வெகுநாள் ஒரு தகவலும் இல்லை. மற்ற மொழிக்காரர்கள் சொல்ல வேண்டும், வக்கீல்கள் தேட வேண்டும், அந்தப் பேரில் வேறு கப்பல் இருக்கக் கூடாது. எங்காவது தட்டிப்போகும் என்றே நினைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்திதான் ஒரு நாள் காலையில் மெயிலைத் திறந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். நவிலா எல்லா இடத்திலும் தேறிவிட்டது.

கப்பல் முதல் தடவை சென்னைக்கு வந்தபோது எனக்கும் முத்துராமனுக்கும் பாஸ் அனுப்பியிருந்தார்கள். ராத்திரி ரயிலில் போய் இறங்கினோம். துறைமுகத்துக்குள் ஒரு திருப்பத்தில் வேன் திரும்பியதும் எதிரே கப்பல் நின்றது. கப்பல் என்று சொல்ல வரவில்லை. ஒரு தெருவைத் தூக்கி நிறுத்தி வெள்ளையடித்தது போல இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பேரின் ஒவ்வொரு எழுத்தும் என்னைவிட உயரம். பெயின்ட் மட்டும் இல்லை, இரும்பில் வெட்டி உடம்போடு வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்று முத்துராமன் கேட்டுவந்து சொன்னான். என் வாயில் ஒரு நொடியில் வந்த சத்தம் அங்கே இரும்பாக நின்றது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

ஏறுகிற இடத்தில் சீருடையில் நின்ற பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தான். மதுரை என்றேன்.

"நமக்கு உசிலம்பட்டிக்கா. நவிலாவுல லாண்டரில இருக்கேன். இன்னைக்கு இங்க நிக்கச் சொல்லிட்டாக." சொந்த வீட்டைச் சொல்வது போல, யோசிக்காமல் சொன்னான். "பாத்து ஏறுங்க, படி வழுக்கும்."

முத்துராமன் என்னைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேர், வைக்கிறவருக்குச் சொந்தமில்லை. நாளெல்லாம் அதைச் சொல்லிப் பிழைக்கப்போகிறவருடையது. அவர் வாயில் வைத்துப் பாருங்கள்.