ரங்கூனில் இருக்கும் நான்

சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் ரங்கூனுக்குக் கப்பலேறியிருந்தார்கள். அதனால் காப்புக்காட்டில் விறகு பொறுக்கும் சீட்டைப் பெண்கள் பேருக்கே கொடுத்து வந்தார்கள். புருஷன் ஊரில் இருந்தால் மட்டும் சீட்டு அவன் பேருக்குத்தான், சுமையையும் அவனே தூக்க வேண்டும். நானும் அங்கே போய்த் திரும்பி வந்ததும் காட்டுக்காவலர் என் மனைவியின் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, "புருசனைக் கூட்டியா" என்று அனுப்பிவிட்டார்.

அவளோடு காட்டுக்குப் போனேன். ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கியதாக வீட்டில் அளந்திருந்தேன். உண்மையில் பார்த்தது, கூலிகளுக்குச் சோறாக்கும் வேலை. விறகைக் கட்டித் தலைக்கு ஏற்றினேன். கயிறு என் கழுத்தில் தங்கியது. விறகு காவலர் காலில் விழுந்தது.

"ரங்கூன்ல என்னத்தையா தூக்குனே?" என்று கேட்டபடி அவர் தன் காலைத் தேய்த்தார்.

"அகப்பை" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமி, இவுக இன்னும் அங்குட்டே இருக்காகன்னு எழுதிக்கங்க. சீட்டை எங்கிட்டயே குடுங்க" என்றாள்.

காவலர் எழுதிக்கொண்டார். காட்டிலாகாப் புத்தகத்தில் இன்றுவரை நான் ரங்கூனில்தான் இருக்கிறேன். அவள் விறகு கொண்டுவர, வீட்டில் சோறாக்குவது நான். புத்தகத்தில் இருப்பதும் ஒன்றும் பெரிய பொய்யில்லை.