ருசி பார்க்க ஆள் இல்லாத டீ

எங்கள் மஸ்தான் மச்சான், அதாவது என் அக்கா ஜான் பீயின் வீட்டுக்காரர், முப்பது வருசம் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாய்க் கடைகளில் அவர் குடித்த டீயை எல்லாம் ஒன்றாக ஊற்றினால் ஒகேனக்கல்லில் ரெண்டு நாளைக்கு டீதான் கொட்டும். கண் பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, தர்மபுரியில் நாங்கள் மூன்று பேரும் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பெயின்ட் வாளி, எண்ணெய் டின், ஓட்டை குக்கர், பழைய ஹெல்மெட் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் மண்ணைக் கொட்டிச் செடி வைத்தார். புதினா, எலுமிச்சைப் புல், பன்னீர் ரோஜா. மாசி பிறந்ததும் எல்லாம் போட்டி போட்டுத் தழைத்தன. துணி காயப்போட பால்கனிக்குப் போன அக்காவைக் காட்டுக்குள் தேடுவது போலத் தேட வேண்டியிருந்தது. அந்த மூன்றையும் போட்டு, பால் இல்லாமல் மச்சான் ஒரு டீ கொதிக்கவைப்பார். அந்த வாசனைக்குத் தெருவில் போகும் டவுன் பஸ்ஸே ஒரு நிமிசம் நின்று போகும்.

ஒரே ஒரு தொந்தரவு. செடிக்கு ஊற்றும் தண்ணீர் கீழே சொட்டும். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ராமக்காள், வாசலில் பாய் விரித்துப் புளி காயவைத்திருப்பார். ரமலான் நோன்பின் நாலாம் நாள் சாயங்காலம், ஈரப் புளியை முறத்தில் அள்ளிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்.

“பாய், இது புளியா ரசமா, நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டு சொட்டுதானுங்க ராமக்கா.”

“ரெண்டு சொட்டா? மேட்டூர் டேமத் தெறந்து வுட்டாப்ல இருக்குது. நாளைக்கு ஒரு தொட்டிகூட இங்க இருக்கக் கூடாது. இல்லீன்னா வேற வூடு பாத்துக்கங்க.”

மச்சானின் முகம் வாடிய வாட்டத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் நிமிர்ந்திருக்காது. அன்றைக்குப் பார்த்து, நோன்பு திறக்கப் பள்ளிவாசல்காரர்கள் ஐந்து பேரை அழைத்திருந்தார். டீ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அக்காதான் சமாளித்தாள். “கோவத்த அப்புறமா வச்சுக்கங்க ராமக்கா. நாங்க மூணு பேரும் நோம்பு, நாக்குல ஒரு சொட்டு வைக்க முடியாது. ஒரு வாய் குடிச்சு, இனிப்பு சரியா சொல்லிட்டுப் போங்க.”

ராமக்காள் முறத்தை வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

“யாருங்க பாய் டீயில உப்புப் போட்டது?”

மச்சான் கண்ணுக்குச் சர்க்கரை, உப்பு ரெண்டு டப்பாவும் வெள்ளை. நாலு கரண்டி உப்பைப் போட்டு, பக்குவமாகக் கலக்கியும் வைத்திருந்தார்.

“இதக் குடிச்சிருந்தா வர்றவங்க பெருநாளைக்குக்கூட உங்களக் கட்டிப்புடிக்க மாட்டாங்க,” என்று ராமக்காள் அதைக் கொட்டிவிட்டார். “போங்க, வேற தழை ஒடிச்சிட்டு வாங்க.”

மச்சான் புதினாவில் ரெண்டே ரெண்டு இலையைக் கிள்ளினார்.

“எடுக்கப்போற தொட்டிதானே, தாராளமா ஒடிங்க,” என்றார் ராமக்காள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கால்மணி நேரம்தான் இருந்தது. புது டீயை ராமக்காள் ருசி பார்த்தார். திரும்பவும் பார்த்தார். டம்ளர் காலியாகும் வரை பார்த்தார். அப்படியே நோன்புக் கஞ்சியையும் பார்த்து, “உப்பு இங்கதான் வேணும்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று கிளாஸ் டீ குடித்தார்கள்.

மறுநாள் காலையில் மச்சான், ராமக்காள் சொன்னபடியே தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். முதன்முதலில் ஓட்டிய லாரியை விற்கக் கொடுப்பவர் மாதிரி புதினாவைத் தடவிக்கொண்டே இறங்கினார். வாசலில் ராமக்காள் புளிப் பாயை அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க பாய் எறக்கறீங்க? புளிய நான் நகத்திக்கறேன். இன்னும் இருவத்தாறு நாளைக்கு உங்களுக்கு ருசி பாக்க ஆள் வேணுமில்ல?”

மச்சான் தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் திரும்ப மாடியேறினார். படிக்கு ஒரு தடவை ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொன்னார். அந்த வீட்டுக்கு மொத்தம் பதினெட்டுப் படி. நான் எண்ணிய ‘அல்ஹம்துலில்லாஹ்’ நாற்பது.